காணாத கிரகணத்துக்கு ஒரு முரசு

பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனியாவை ஆளத் தொடங்கி எட்டாம் ஆண்டு, கி.மு. 531. தெற்கு மெசபடோமியாவின் உருக் நகரத்தில், ஏஅன்னா என்ற பெருங்கோயிலில் ஒரு விசாரணை நடந்தது. சந்திர கிரகணம் பிடிக்கையில் மட்டுமே அடிக்க வேண்டிய வெண்கல முரசைக் கோயிலின் ஒப்பாரிப் பூசாரிகள் அடித்துவிட்டார்கள். ஊரார் நிமிர்ந்து பார்த்தால் கிரகணம் எதுவும் தென்படவில்லை. யார் அடிக்கச் சொன்னது, எதை நம்பி அடித்தீர்கள் என்று கோயில் நிர்வாகம் கேட்டது. அந்த விசாரணைப் பதிவு களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் இன்றும் இருக்கிறது.

பால்-அலேன் போலியு, ஜான் பிரிட்டன் என்ற இரு அறிஞர்கள் 1994இல் இந்தப் பலகையை ஆராய்ந்தார்கள். கிரகணச் சுழற்சிக் கணக்கின்படி அந்த மாதம் கிரகணம் நேரக்கூடிய மாதம் என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. பூசாரிகள் சும்மா அடிக்கவில்லை. அவர்களிடம் கணக்கு இருந்தது. கணக்கை நம்பி முரசைத் தூக்கியிருக்கிறார்கள்.

வானத்தைத் தொழுவதும் வானத்தை அளப்பதும் எதிரெதிர் வேலைகள் என்றும், பின்னது வளர வளர முன்னது தேய்ந்தது என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். உருக் நகர வழக்கு வேறொன்றைக் காட்டுகிறது. கோளைத் தெய்வமாகக் கும்பிடுகிறவனுக்கு நேரம் தவறக்கூடாது என்ற கவலை உண்டு. அந்தக் கவலைதான் அவனை இரவெல்லாம் மேலே பார்க்க வைத்தது. பல தலைமுறை பார்த்ததில் கணக்கு பிறந்தது. கணக்கு தேறியதும் மேலே பார்க்க வேண்டிய அவசியம் குறைந்தது. இவை எல்லாம் கோயிலுக்குள்ளேயே, பூசாரிகளின் கையாலேயே நடந்தவை.

ஒப்பாரிப் பூசாரிகளை அக்காடிய மொழியில் கலூ என்பார்கள். சினந்த தெய்வத்தின் நெஞ்சை ஆற்றுவது அவர்கள் தொழில். அதற்குள் பேச்சுவழக்கிலிருந்து ஒழிந்துவிட்ட சுமேரிய மொழியில் பாடுவார்கள். எருதின் தோல் போர்த்திய முரசை அடிப்பார்கள். நிலவு மறைவதை அவர்கள் தெய்வத்தின் துயரமாகக் கண்டார்கள். கூடவே இருந்து அழுவது பக்தரின் கடமை. பிற்கால உருக்கில் வானியல் பலகைகளைப் படியெடுத்துப் பாதுகாத்த குடும்பங்களில் ஒன்று இதே கலூக்களின் குடும்பம்தான். கிரகணத்துக்கு அழுதவர் வீட்டுப் பரணில்தான் கிரகணத்தைக் கணிக்கும் வாய்பாடும் இருந்தது.

இந்தப் பார்வை எவ்வளவு கறாரானது என்பதற்குச் சான்று, இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தைய நினிவேயில் கிடைக்கிறது. அசீரிய அரசர்கள் எசர்ஹத்தோனுக்கும் அஷுர்பனிபாலுக்கும் வானம் பார்க்கும் அறிஞர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் நூற்றுக்கணக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவர்கள் கையில் ‘எனூமா அனு என்லில்’ என்ற நிமித்தத் தொகுப்பு இருந்தது. ஏறக்குறைய 70 பலகைகள், ஆயிரக்கணக்கான குறிகள். மாதத்தின் 14ஆம் நாளில் சூரியனும் நிலவும் எதிரெதிரே ஒருசேரத் தெரிந்தால் நல்லது. 13இலோ 15இலோ தெரிந்தால் கேடு. கிரகணத்தில் நிலவுத் தட்டின் எந்தக் கால்பகுதி கறுக்கிறதோ அந்தப் பகுதிக்கு உரிய நாட்டுக்குத் தீங்கு. வியாழன் வானில் தெரிந்துகொண்டிருந்தால் அரசன் தப்பினான். தப்பாவிட்டால் மாற்று அரசன் ஒருவனை அரியணையில் அமர்த்துவார்கள். அதிகபட்சம் 100 நாள். தீங்கையெல்லாம் அவன் தலையில் ஏற்றிவிட்டு, முடிவில் அவனைச் சாகடிப்பார்கள். அதுவரை உண்மையான அரசன் ஒதுங்கியிருப்பான். கடிதங்களில் அவனை ‘உழவர்’ என்றே குறிப்பிடுவார்கள்.

ஓர் உயிர் போகும், ஓர் ஆட்சி ஆடும் என்ற நிலையில், தெரிவது வெள்ளியா புதனா என்பது சில்லறைக் கேள்வி ஆகாது. கடிதங்களில் அறிஞர்கள் ஒருவரையொருவர் அறிவிலி என்று ஏசிக்கொள்கிறார்கள். வெள்ளி தெரிகிறது என்று யாரோ அரசனுக்கு எழுதிவிட, அந்த ஆளுக்குப் புதனுக்கும் வெள்ளிக்கும் வேறுபாடு தெரியாது என்று இன்னொருவர் சீறுகிறார். அரண்மனையில் இருவர் இப்படி வாதிட்டு, இரவில் எல்லோரும் வெளியே போய்ப் பார்த்துச் சமாதானமானதாக ஓர் அறிக்கை சொல்கிறது. சமய நூல் ஒரு பக்கம், சான்றோர் வாக்கு ஒரு பக்கம், தீர்ப்பு கண்ணுக்கு. அறிவியலின் குணம் என்று நாம் பெருமை பேசும் ஒன்று நிமித்தம் பார்த்தவர்களிடம் 2,700 ஆண்டுகளுக்கு முன்பே பழக்கமாக இருந்திருக்கிறது.

இந்த மரபில் நிலவுக்கென்றே வாழ்ந்த ஊர் ஹர்ரான். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், ஷான்லிஉர்ஃபா மாகாணத்தில், சிரிய எல்லைக்கு அருகே வறண்ட சமவெளியில் இருக்கிறது. நிலவுத் தெய்வமான சின்னுக்கு அங்கே எடுத்த கோயிலின் பெயர் ஏ-ஹுல்-ஹுல். கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் தொடக்கத்திலேயே அந்தக் கோயிலில் வைத்து அரசர்கள் உடன்படிக்கைக்கு ஆணையிட்டிருக்கிறார்கள்.

1956இல் டி. எஸ். ரைஸ் என்ற ஆய்வாளர் ஹர்ரானின் பெரிய பள்ளிவாசல் இடிபாடுகளை ஆராய்ந்தபோது, தளத்துக்குப் பாவியிருந்த கற்களில் சில பாபிலோனியக் கல்வெட்டுகள் என்று தெரிந்தது. ஒன்றில் பாபிலோன் மன்னன் நபோனிதஸ் நிலவு, சூரியன், வெள்ளி ஆகிய மூன்றின் சின்னங்களுக்கு முன் கோலேந்தி நிற்கிறான். இன்னொன்று அவன் தாய் அதத்-குப்பியின் வரலாறு. அவளே சொல்வதுபோல் எழுதப்பட்டது.

அதத்-குப்பி சின்னின் பக்தை. கி.மு. 610இல் ஹர்ரான் பகைவர் கையில் விழுந்து கோயில் பாழானது. அதைக் கல்வெட்டு, சின் தன் ஊர்மேல் கோபித்துக்கொண்டு வானுக்கு ஏறிப் போனதாகச் சொல்கிறது. அன்றிலிருந்து நல்லாடையும் நகையும் நறுமணமும் துறந்து, கிழிந்த உடையில் தெய்வத்தை வேண்டிக்கொண்டே இருந்ததாக அவள் கூறுகிறாள். கல்வெட்டின்படி நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து, கண்ணும் காதும் கையும் காலும் குறைவின்றி, மகன் அரசனானதைப் பார்த்துவிட்டு கி.மு. 547இல் மறைந்தாள். இதில் அரசியல் புகழ்ச்சி எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்கலாம். அவள் மறைந்த பிறகு மகன் எழுதுவித்ததுதானே. ஆனால் இடிந்த கோயிலை நபோனிதஸ் எடுத்துக் கட்டினான் என்பதில் ஐயமில்லை.

நபோனிதஸுக்கும் ஒரு கிரகணக் கதை உண்டு. உருக் விசாரணைக்கு 23 ஆண்டு முன்பு, கி.மு. 554 செப்டம்பர் 26 அன்று, நிலவு மறையும் வேளையில் கிரகணம் பிடித்தது. நாளை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது, கல்வெட்டு தரும் மாதமும் நாளும் இன்றைய கணக்கோடு பொருந்துவதால். நிலவுத் தெய்வம் தனக்கொரு தலைமைப் பூசாரிணியைக் கேட்கிறது என்று அதற்குப் பொருள் கொண்டான். ஆட்டு ஈரலில் குறி கேட்டு உறுதி செய்துகொண்டு, தன் மகளையே ‘ஊர்’ என்ற நகரத்தின் நிலவுக் கோயிலுக்குக் கொடுத்தான். வழக்கொழிந்து நெடுங்காலமான பதவி அது. அவன் வீழ்ந்த பிறகு எதிர்த்தரப்பார் எழுதிய ஏளனப் பாட்டொன்று, படிப்பறியாமலே எல்லாம் தெரிந்தவன்போல் பேசினான் என்று அவனைக் கிண்டலடிக்கிறது. நிமித்த நூலுக்கு அரசன் தானே உரை சொல்ல முற்பட்டது கற்றவர்களுக்குப் பொறுத்திருக்காது.

நபோனிதஸின் கிரகணம் கண்ணால் கண்டது. பொருள் பிறகு வந்தது. உருக்கின் கிரகணத்தில் பொருளும் சடங்கும் ஆயத்தமாக நின்றன, கிரகணம்தான் வரவில்லை. இடையே 23 ஆண்டுதான் என்றாலும் கணக்கு அந்த இடைவெளியில் திடீரென்று பிறந்துவிடவில்லை. பாபிலோனில் குறைந்தது கி.மு. 652 முதல் இரவுதோறும் வானைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலை நடந்து வந்தது. இன்று கிடைப்பவற்றில் கடைசிக் குறிப்பு கி.மு. 61ஐச் சேர்ந்தது. ஏறத்தாழ 600 ஆண்டு நீண்ட இந்தப் பதிவேடுகளைத்தான் ‘வானியல் நாட்குறிப்புகள்’ என்கிறார்கள். நிலவு எந்த விண்மீனுக்கு எத்தனை முழம் மேலே நின்றது, வெள்ளி எந்த நாளில் மறைந்தது என்பவற்றோடு, அந்த மாதம் வாற்கோதுமை, பேரீச்சை, எள், கம்பளி என்ன விலைக்கு விற்றன, யூப்ரடீஸில் நீர் எவ்வளவு ஏறியது என்பதும் அதே பலகையில் இருக்கும். எசகில கோயில் இந்த வேலைக்குப் படியளந்தது; தந்தைக்குப் பின் மகன் அந்த இடத்துக்கு வந்தான். 223 நிலவு மாதங்கள், அதாவது 18 ஆண்டும் 11 நாளும், கழிந்தால் கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பும் என்று அவர்கள் கண்டது இத்தகைய பதிவுகளால்தான்.

சுழற்சி தெரிந்த பின்னும் முரசு ஓயவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரகணம் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்த காலத்திலும் அதே பூசாரிகள் அதே பாட்டைப் பாடி அழுதார்கள். முன்னறிவு பக்தியைக் குலைத்துவிடும் என்பது பிற்காலத்தவர் எதிர்பார்ப்பு.

ஹர்ரானுக்குத் திரும்புவோம். பாபிலோன் மங்கி, ஆப்பெழுத்து அழிந்த பிறகும் அந்த ஊர் நிலவை விடவில்லை. ரோமப் பேரரசன் கரகல்லா கி.பி. 217 ஏப்ரல் 8 அன்று கொலையுண்டது இந்த நிலவுக் கோயில் பயணத்தின்போது. பேரரசன் ஜூலியன் 363இல் படையெடுத்துப் போகும் வழியில் இங்கே நிலவை வழிபட்டான். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துப் புனித யாத்திரையாக வந்த எகேரியா என்ற கிறிஸ்தவப் பெண், மதகுருக்களும் துறவிகளும் தவிர ஊரில் கிறிஸ்தவரையே காணவில்லை என்று எழுதினாள்.

நபோனிதஸின் ஹர்ரானிலிருந்து பக்தாதின் வானியலாளர்கள் வரை ஒரே கோடு இழுத்துவிட எவருக்கும் ஆசை வரும். இழுக்கக்கூடாது. ஒன்பதாம் நூற்றாண்டு ஹர்ரானியர் கற்றுத் தேர்ந்தது கிரேக்க வானியல், தாலமியின் வானியல். ஏதென்ஸை விட்டு வெளியேறிய பிளாட்டோ மரபினர் ஆறாம் நூற்றாண்டில் ஹர்ரானில் குடியேறிப் பள்ளி நடத்தினார்கள் என்று மிஷேல் தார்தியு 1986இல் வாதிட்டார். படிக்கக் கவர்ச்சியான வாதம், ஆனால் சான்று மெலிது, பலர் ஏற்கவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: தாலமி தம் நிலவுக் கணக்கைக் கட்டியெழுப்பியது கி.மு. 721 முதலான பாபிலோனியக் கிரகணப் பதிவுகளின் மேல். மெசபடோமியக் கோயில்களில் பார்த்து எழுதியது அலெக்ஸாண்டிரியா போய், கிரேக்கக் கணிதமாகி, அரபு மொழியில் பெயர்ந்து, நிலவைக் கும்பிடும் ஊருக்கே திரும்பி வந்தது.

இஸ்லாமிய ஆட்சியில் அந்த ஊர்க்காரர்களின் பெயர் சாபியர். இந்தப் பெயர் ஒட்டியதற்கு இப்னு அல்-நதீம் 987இல் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ ஒரு கதை சொல்கிறது. 830இல் கலீபா அல்-மாமூன் அவ்வழியே போனபோது, நீங்கள் எந்த வேதத்தார் என்று கேட்டாராம். விழித்துப்போன ஹர்ரானியர், குர்ஆன் குறிப்பிடும் சாபியர் நாங்கள்தான் என்று பிற்பாடு ஒரு சட்ட அறிஞர் ஆலோசனைப்படி சொல்லிக்கொண்டார்களாம். இப்னு அல்-நதீமுக்கு இந்தக் கதையைத் தந்தவர் ஒரு கிறிஸ்தவர், ஹர்ரானியர்மேல் நல்லெண்ணம் இல்லாதவர். வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே நம்புவதில்லை.

அதே நூல் தரும் வழிபாட்டு விவரங்கள் இதைவிடப் பயனுள்ளவை. நாளுக்கு மூன்று தொழுகை. முதலாவது சூரியன் எழுவதற்கு அரைமணி முன் தொடங்கி, எழும்போது முடிய வேண்டும், அடுத்தது உச்சிவேளையில், மூன்றாவது அந்தியில். மார்ச்சு மாதத்தில் 30 நாள் நோன்பு, அது நிலவுக்கு. வார நாள்களும் தெய்வங்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. ஞாயிறு கிரேக்கச் சூரியனான ஈலியோஸுக்கு, திங்கள் பாபிலோனிய சின்னுக்கு, செவ்வாய் கிரேக்க ஆரிஸுக்கு, புதன் பாபிலோனிய நபூவுக்கு, வியாழன் பேலுக்கு, வெள்ளி பெல்தி தேவிக்கு, சனி கிரேக்கக் குரோனோஸுக்கு. இரண்டு நாகரிகங்களின் தெய்வங்கள் ஒரே வாரத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இந்த வரிசை புதிதில்லை. நம் நாள்காட்டியில் இருப்பது இதுவேதான். ஏழு கோள்களை வேகக் குறைவிலிருந்து கூடுதலுக்கு, சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று அடுக்கி, மணிக்கொன்றாக ஆட்சி கொடுத்துக்கொண்டே போனால், 24 மணி கழிந்து அடுத்த நாள் முதல் மணிக்கு வருவது மூன்று இடம் தள்ளிய கோள். சனிக்குப் பின் ஞாயிறு, ஞாயிறுக்குப் பின் திங்கள். பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று இன்றும் பார்ப்பது இந்த அடுக்கைத்தான். கிரேக்க உலகின் சோதிடம் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் இந்தியா வந்தபோது வாரமும் ஓரையும் கூட வந்தன. ஹர்ரானியரும் நம் முன்னோரும் ஒரே பந்தியில் உண்டவர்கள்.

கோள்களுக்குச் சாபியர் எடுத்த கோயில்கள் ஒவ்வொன்றும் ஒரு வடிவியல் உருவம் என்று அரபு வரலாற்றாசிரியர் அல்-மசூதி எழுதுகிறார். சனிக்கு அறுகோணம், வியாழனுக்கு முக்கோணம், சூரியனுக்குச் சதுரம், நிலவுக்கு எண்கோணம் என்று போகிறது அவர் பட்டியல். தாம் ஹர்ரானுக்குப் போன 943 வாக்கில் ஒரே ஒரு கோயில்தான் எஞ்சியிருந்தது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். அறுகோணமும் எண்கோணமும் கல்லில் இருந்தவையா, ஏட்டில் மட்டுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஹர்ரானுக்கு அருகே சோக்மத்தார் என்ற இடத்தில் குன்றைச் சுற்றி நிற்கும் ஏழு இடிபாடுகளை ஏழு கோள்களின் கோயில்கள் என்று ஜே. பி. சீகல் 1950களில் அடையாளம் காட்டினார். பிறகு வந்த ஆய்வாளர்கள் அவற்றுள் பல கல்லறைகளாக இருக்கலாம் என்றார்கள். ஏழு என்று எண்ணத் தொடங்கினால் எங்கும் கோள்கள் தெரியும்.

கணக்கின் வெற்றிக்கு நல்ல சான்று தருபவர் வானியல் அறிஞர் அல்-பிரூனி. கி.பி. 1000 வாக்கில் எழுதிய காலக்கணிப்பு நூலில், ஹர்ரானியர் மாதம் பிறப்பதை நிலவும் சூரியனும் கூடும் கணத்திலிருந்து கணக்கிட்டு வைக்கிறார்கள் என்கிறார். அமாவாசைக் கணம் சூரிய உதயத்துக்குச் சற்று முன்னா பின்னா என்பதைப் பார்த்து முதல் நாளை முடிவு செய்வார்களாம். அந்தக் கணம் எவர் கண்ணுக்கும் தெரியாதது. நிலவைத் தெய்வமாகக் கும்பிட்டவர்கள் கண்ணுக்குத் தெரியாத நிலவை வைத்து மாதத்தைத் தொடங்கினார்கள். நிலவை வணங்கக்கூடாது என்ற இஸ்லாமியரோ, மேற்கு வானில் பிறையைக் கண்ணால் கண்டால்தான் மாதம் பிறந்தது என்று அடிவானத்தில் கண் பதித்து நின்றார்கள்.

அந்தப் பிறை எப்போது தெரியும் என்று கணிக்கும் வழியை எழுதித் தந்தவர்களில் ஒருவர் ஒரு சாபியர்: தாபித் இப்னு குர்ரா. ஹர்ரானில் நாணயம் மாற்றும் தொழில் செய்தவர். தத்துவக் கருத்துகளால் சொந்தச் சமூகத்தோடு பிணங்கி, கோயிலுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேறினார் என்று அரபு வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வழியில் சந்தித்த முகம்மது இப்னு மூசா என்ற அறிஞர் அவரது மொழியறிவைக் கண்டு பக்தாதுக்கு அழைத்துப் போனார். யூக்ளிடின் அரபு மொழிபெயர்ப்பைத் திருத்தினார். அப்பல்லோனியஸின் கூம்பு வெட்டுகள் பற்றிய நூலில் கிரேக்க மூலம் தொலைந்துபோன மூன்று பகுதிகள் இன்று நமக்குக் கிடைப்பது அவர் செய்த அரபு மொழிபெயர்ப்பால். நட்பு எண்கள் எனும் எண் இணைகளுக்கு அவர் கண்ட விதி இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. கலீபா அல்-முஃததிதின் அவையில் பெருமதிப்போடு இருந்து 901இல் இறந்தார். கடைசிவரை மதம் மாறவில்லை. நகரங்களை எழுப்பியதும் மருத்துவத்தைக் கண்டதும் பழஞ்சமயத்தார்தாம் என்று பெருமிதத்தோடு அவர் எழுதிய ஒரு பகுதியைப் பிற்காலச் சிரிய எழுத்தாளர் பார் ஹெப்ரேயஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். தம் சமூகத்தின் தொழுகை, சடங்கு, அடக்க முறை பற்றிச் சிரிய மொழியில் தாபித் எழுதியவை அழிந்துவிட்டன. நிலவைப் பார்ப்பதும் நிலவைத் தொழுவதும் ஒருவர் மனத்துக்குள் எப்படிச் சேர்ந்திருந்தன என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கலாம். மகன் சினான் கலீபா அல்-காஹிரின் நெருக்குதலில் இஸ்லாத்துக்கு மாறினார்.

அல்-பத்தானியும் ஹர்ரான் பகுதியில் பிறந்தவர், சாபிய வழியினர், ஆனால் முஸ்லிம். 877 முதல் 918 வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், யூப்ரடீஸ் கரையில் உள்ள ரக்காவில் வானைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலமி எழுதியதைப் பாடம் செய்வதோடு நிற்கவில்லை; தாலமி சொன்ன இடத்தில் கோள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பூமியிலிருந்து சூரியன் மிகத் தொலைவாகத் தெரியும் புள்ளி, தாலமி சொன்ன இடத்திலிருந்து ஏறத்தாழ 17 பாகை நகர்ந்துவிட்டதைக் கண்டார். ஆண்டின் நீளத்தை 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 நொடி என்றார். பிழை இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. சூரியனை நிலவு முழுதாக மறைக்காமல் வளையம்போல் விளிம்பு விட்டு மறைக்கும் கிரகணமும் நேரலாம் என்று தாலமிக்கு மாறாகச் சொன்னார். கோப்பர்னிக்கஸ் 1543இல் அவரைப் பலமுறை எடுத்தாள்கிறார். முஸ்லிம் எழுதிய அந்த நூலுக்கு வழங்கிய பெயர் ‘சாபிய அட்டவணை’. கும்பிடுவதை விட்ட தலைமுறையில்தான் அந்த ஊர் மறுபடி மேலே பார்க்கத் தொடங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே ஆளை வைத்து ஓர் ஊரை அளக்கக்கூடாது என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

ஹர்ரானின் நிலவுக் கோயில் பதினோராம் நூற்றாண்டில் அழிந்தது. 1271இல் மங்கோலியர் ஊரையே காலி செய்தார்கள். அதற்குள் சாபியர் பெயரில் வழங்கிய கோள் வழிபாடு ஏட்டில் ஏறிவிட்டது. முஸ்லிம் ஸ்பெயினில் எழுதப்பட்டு, 1256இல் அல்போன்ஸோ மன்னனின் அவையில் காஸ்டிலிய மொழிக்குப் போய், பிறகு லத்தீனில் ‘பிகாட்ரிக்ஸ்’ என்று பெயர்பெற்ற மாந்திரீக நூல் அந்த வழிபாட்டைத் தன் பாணியில் விவரிக்கிறது. சனியை வேண்டுவதென்றால் அது துலாத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் மகரத்திலோ கும்பத்திலோ. கறுப்பு உடை உடுத்த வேண்டும். சனிக்குத் துலாம் உச்சம், மகரமும் கும்பமும் ஆட்சி என்பதும், கறுப்பு உகந்தது என்பதும் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழஞ்சமயங்களைப் புதுப்பிக்க முனையும் குழுக்களில் சிலர் இப்போது இந்த நூலை மீண்டும் எடுத்திருக்கிறார்கள். முழுநிலவுச் சடங்குகளும் நடத்துகிறார்கள். சடங்கின் நேரம் கைபேசிச் செயலியில் வந்துவிடுகிறது. முகில் மூடிய இரவிலும் சடங்கு நிற்பதில்லை.

நாம் சிரிப்பதற்கில்லை. ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கிரகணம் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, அந்த ஆண்டு மே 31 – ஜூன் 1 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. ஏட்டையோ வானத்தையோ பார்க்காமல் செய்த கணக்குக்கு இது வியப்பான துல்லியம். கணிதத்தின் அடிப்படை பற்றி அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதினார். வாரனின் பதிவுகளை எடுத்துக்கொண்டு வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். வாக்கிய முறையில் நிலவின் ஓட்டம் 248 நாள் சுழற்சியில் கட்டப்பட்டிருக்கிறது. நிலவு பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அருகே வரும் காலம் ஒன்பது முறை நிறைந்தால் 248 நாள். இதே சுழற்சி பாபிலோனியப் பலகைகளில் உண்டு, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் உண்டு. உருக் நகரப் பூசாரியின் கணக்குக்குத் தூரத்து உறவு புதுச்சேரியில் சோழிகளாகக் கிடந்தது.

அந்த வாக்கிய முறை வழக்கொழியவில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29 அன்று. திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால், அங்கே பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தார்கள். எது சரி என்று தொலைக்காட்சிகளில் பல நாள் பேசினார்கள். எவரும் வெளியே போய்ப் பார்த்துத் தீர்க்கலாம் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பயனில்லை. அந்த நாள்களில் சனி சூரியனை ஒட்டி விடியல் ஒளியில் அமிழ்ந்திருந்தது. ராசியின் எல்லைக்கோடும் வானத்தில் போட்டு வைத்ததில்லை. நினிவே அறிஞர்களிடம் வழக்கு போயிருந்தால், கோள் மறுபடி தெரியும் வரை பொறுங்கள் என்றிருப்பார்கள்.

பார்த்து எழுதிய பதிவுகள் என்ன ஆயின? ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1693இல் அல்-பத்தானியின் கிரகணப் பதிவுகளைத் திருத்திப் பார்த்தார். பழைய கிரகணங்களைத் தம் காலத்தவற்றோடு ஒப்பிட்டதில் நிலவின் ஓட்டம் விரைவுபடுகிறதோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அதை 1695இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஐயத்துக்குப் பாதி விடை, பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது என்பது. அதை அளக்க எஃப். ரிச்சர்ட் ஸ்டீபன்சன் என்ற ஆய்வாளர் பாபிலோன் பலகைகளிடம் போனார். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். வெள்ளியும் புதனும் தெரிந்தன, சூரிய ஒளியில் மறைந்திருக்க வேண்டிய செவ்வாயும் வியாழனும்கூடத் தெரிந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி என்றும் ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால் அந்த முழு இருள் பாபிலோனில் விழுந்திருக்காது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவுப் பக்கம் போயிருக்கும். இடைப்பட்ட தூரம் பூமியின் சுழற்சியில் 49 பாகை, கடிகாரத்தில் மூன்றேகால் மணி. இத்தகைய பதிவுகள் பலவற்றைச் சேர்த்து, நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிநொடி என்ற அளவில் ஒரு நாளின் நீளம் கூடிவருகிறது என்று ஸ்டீபன்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் கணித்தார்கள்.